ருஸ்தாக் வெந்நீர்

ஹமீதா: மெதுவாப் போடா ஃபஹது. மலையைப் பார்க்க விட மாட்டேங்கிறியே.

ஃபஹத்: உம்மா, மலை இன்னும் வரவே இல்ல. அது ஏதோ மண்ணு கொட்டி வச்சிருக்கான்.

உசேன்: அவளுக்கு எல்லாமே மலைதான். அதிராம்பட்டினத்து உப்பளத்துல குவிச்சு வச்சிருக்கிற உப்பைவிட ஒசரமா எதைப் பார்த்தாலும் மலைம்பா.

ஹமீதா: பேசுவீங்க, பேசுவீங்க. ஃப்ளைட்ல ஜன்னலோரம்தான் வேணும்னு அடம் பிடிச்சு உட்கார்ந்துட்டு, மஸ்கட் வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்காத ஆளு.

உசேன்: ஓதிக்கிட்டு வந்தேன்.

ஹமீதா: குறட்டை விட்டுக்கிட்டா?

ஃபஹத்: ஐயோ, ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும். வாப்பா, முட்டி எப்படி இருக்கு?

உசேன்: முட்டியா... ஆமா, வலி இருக்கு.

ஃபஹத்: எந்த முட்டி?

உசேன்: இது... இந்த வலது...

ஃபஹத்: நேத்து இடதுன்னு சொன்னீங்க.

ஹமீதா: மாறி மாறி வலிக்குதுடா. வயசானா அப்படித்தான். அதுக்குத்தானே அந்த வெந்நீர் ஊத்துல கொஞ்ச நேரம் காலை வைக்கணும்னு கெஞ்சிக்கிட்டு இருக்கோம்.

ஃபஹத்: நானும் பார்க்கிறேன். கஜாப் புயல்ல தென்னை எல்லாம் சாஞ்சு போச்சு, மனசு விட்டுப் போயிருக்கீங்க, நாலு இடம் சுத்திக் காட்டலாம்னு விசா எடுத்துக் கூப்பிட்டேன். கடற்கரைக்கு வரல. பெரிய பள்ளிவாசல் பார்க்க வரல. வந்து இறங்கினதுல இருந்து ருஸ்தாக், ருஸ்தாக்.

ஹமீதா: நீ பொறந்த ஊருடா அது.

ஃபஹத்: அது தெரியும். பாஸ்போர்ட்லயே இருக்கே.

உசேன்: தம்பி, உனக்குத் தெரியாது. அப்ப நம்மூர்ல பாதிப் பேரு மலேசியா, மீதிப் பேரு துபாய்னு கிளம்பிக்கிட்டு இருந்த நேரம். எனக்கு மட்டும் இந்த ஊரு வாய்ச்சுது. கட்டட சாமான் கடையில ஸ்டோர் கீப்பர். எங்க அர்பாப், அதான் முதலாளி, 'பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா, வீடு தர்றேன்'னாரு. எத்தனை பேருக்கு அந்த நசீப் கிடைக்கும்?

ஹமீதா: நான் வந்து இறங்கினப்ப ஒரே அழுகை. எங்க பார்த்தாலும் கல்லு. பச்சையே இல்ல. மறுநாள் காலையில ஒரு வாய்க்கால் ஓடுது பாரு ஊட்டுப் பக்கத்துல... ஃபலஜ்ம்பாங்க. பேரீச்சந்தோப்புக்கு முறை வச்சுத் தண்ணி விடுறாங்க. அதைப் பார்த்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

உசேன்: நம்ம பக்கம் கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள கதிரு காஞ்சிடும். இங்க கடைசி மரம் வரைக்கும் வந்துடும்டா. மழையே இல்லாத ஊர்ல!

ஃபஹத்: ஒரு நிமிஷம் வாப்பா, போன்... ஹலோ... தய்யிப்... தய்யிப். அப்புறம் கூப்பிடறேன். இன்ஷா அல்லாஹ்.

ஹமீதா: யாருடா?

ஃபஹத்: ஆபீஸ்.

உசேன்: வெள்ளிக்கிழமையுமா?

ஃபஹத்: கப்பல் சரக்கு பார்க்கிற கம்பெனி வாப்பா. கப்பலுக்கு ஏது வெள்ளிக்கிழமை... இந்தா, பர்கா வந்தாச்சு. பெட்ரோல் போட்டுடறேன். பக்கத்துலயே சேட்டன் கடை இருக்கு, சாயா நல்லா இருக்கும். வாப்பாவுக்குச் சீனி இல்லாம. உம்மாவுக்கு?

ஹமீதா: எனக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சீனி.

ஃபஹத்: இறங்க வேணாம். நானே வாங்கிட்டு வந்துடறேன்.

*

ஹமீதா: போயிட்டானா?

உசேன்: போயிட்டான். கண்ணாடியை ஏத்து.

ஹமீதா: ஆபீஸாம் ஆபீஸ். பொம்பளைக் குரலு கேட்டுச்சுங்க எனக்கு.

உசேன்: குரல் என்ன குரல், கார் ஸ்கிரீன்லயே பேரு வந்துச்சு. அவன் போனை எடுக்கிறதுக்குள்ள படிச்சுட்டேன்.

ஹமீதா: என்ன பேரு?

உசேன்: ஹஃப்ஸா.

ஹமீதா: யா அல்லாஹ்... அப்ப ஷேக் பரீத் சொன்னது நெசந்தானா?

உசேன்: மெல்லப் பேசு.

ஹமீதா: மஸ்கட்ல இருக்கிற உங்க தம்பி மவன் பொய் சொல்ற புள்ள இல்ல. 'பெரியம்மா, ஒரு வெள்ளிக்கிழமை விடாம ருஸ்தாக் போயிடறான். கேட்டா சிரிக்கிறான். ஹஃப்ஸான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுது, மூஞ்சியெல்லாம் மலர்ந்து போகுது அவனுக்கு'ன்னு அவன் சொன்னப்பவே ருஸ்தாக் போய்ப் பார்த்துடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

உசேன்: ருஸ்தாக்ல ஹஃப்ஸாங்கிற பேர்ல ஒருத்திதான் இருப்பாளா? தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க.

ஹமீதா: இருக்கட்டும். அந்த நாலுல ஒருத்தி நம்ம பக்கத்து வீட்டு ஷம்ஸா மவளா இருந்தா? இவனும் அவளும் ஒரே மடியில பால் குடிச்சதுங்க. பால்குடி உறவுன்னா கூடப்பொறந்த உறவு. ஆயிரம் பேரு சேர்ந்து நடத்தி வச்சாலும் அந்த நிக்காஹ் செல்லாது. இவனுக்கு அது தெரியாதே!

உசேன்: ஷம்ஸாவுக்குத் தெரியும்ல? அவங்க விட்டுடுவாங்களா?

ஹமீதா: அவங்க இருந்தா விட மாட்டாங்க...

உசேன்: ஏன் அப்படிச் சொல்ற?

ஹமீதா: இருபத்தி மூணு வருஷங்க. ஒரு சேதி இல்ல. அப்பவே என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க. மனுஷ உசிரு... நான் தொழுதுட்டு துஆ கேக்குறப்பல்லாம் அவங்க பேரைச் சொல்றேன். ஆனா இருக்கிறவங்களுக்குக் கேக்குறேனா, போயிட்டவங்களுக்குக் கேக்குறேனா... அது தெரியாமலே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

உசேன்: அழுவாதே ஹமீதா. அவன் வந்துடுவான்.

ஹமீதா: அப்பவே இவன்கிட்ட சொல்லியிருக்கலாம்.

உசேன்: எப்பச் சொல்றது? ஊருக்குத் திரும்பினப்ப உன் தங்கச்சி சஃபியாவுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருந்தாங்க. மூத்தவளுக்குப் புள்ளப்பேத்துல புத்தி பெசகிப் போச்சுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல எந்திரிச்சுப் போயிருப்பாங்க. சஃபியாவுக்காக வாயை மூடினோம். அப்புறம் புள்ளைக்கு என்ன பால் குடுத்தீங்கன்னு வீட்டுல கேட்டாங்க, டின் பால்னு சொன்னோம். அப்படியே நின்னு போச்சு.

ஹமீதா: இன்னிக்குச் சொல்லிடணும்.

உசேன்: நான் சொல்லவா?

ஹமீதா: வேணாம். நான்தான் சொல்லணும். அந்தத் தண்ணிகிட்ட உட்கார்ந்து சொல்றேன். அங்கதான் எனக்கு வாய் வரும்... வர்றான், வர்றான். கண்ணைத் துடைச்சுக்கறேன். நீங்க முட்டியைப் புடிச்சுக்கங்க.

உசேன்: எந்த முட்டி?

ஹமீதா: ஏதாவது ஒண்ணு!

*

ஃபஹத்: இப்பப் பாருங்க உம்மா. இதுதான் மலை.

ஹமீதா: அப்படியே இருக்குடா... ஏங்க, அப்படியே இருக்கு. சாயங்காலமானா செவப்பா மாறுமே, ஞாபகம் இருக்கா?

உசேன்: ஞாபகம் இல்லாமலா. ஆனா இந்த ரோடெல்லாம் ஏது? அப்ப டாக்ஸிக்காரன் கல்லு மேலேயே ஓட்டுவான். நீ நிறை மாசம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கையைக் கிள்ளுவே.

ஹமீதா: தழும்பு இருக்குமே, காட்டுங்க.

ஃபஹத்: கோட்டை தெரியுது பாருங்க. அதுக்குப் பின்னால சந்தை.

உசேன்: இரு இரு... நம்ம கடை இந்த வரிசையில... இல்லை, போயிடுச்சு. என்னமோ மொபைல் கடையா இருக்கு. தம்பி, ஊத்துக்கு நேராப் போகணும்.

ஃபஹத்: நேராப் போனா ஜும்மா கூட்டத்துல மாட்டிப்போம் வாப்பா. இந்தச் சந்து வழியா விட்டு, தோப்பு மதிலை ஒட்டியே போனா சட்டுன்னு போயிடலாம்.

ஹமீதா: உனக்கு எப்படிடா இந்தச் சந்தெல்லாம் தெரியும்?

ஃபஹத்: ஜி.பி.எஸ்.

ஹமீதா: அது வாயே திறக்கலையே.

ஃபஹத்: மெதுவாப் பேசுற ஜி.பி.எஸ் உம்மா.

உசேன்: ம்... நல்ல ஜி.பி.எஸ்.

*

உசேன்: பார்த்து... பார்த்து உட்காரு. வழுக்கும். அந்தக் கல்லு மேல காலை வை.

ஹமீதா: ஸ்ஸ்ஸ்... ஆத்தாடி!

ஃபஹத்: சுடுதா?

ஹமீதா: சுடத்தான் செய்யும். முதல்ல சுடும், அப்புறம் விடாது. அதே சூடுடா. அதே வாசனை. இத்தனை வருஷமா ஆறாமலே ஓடிக்கிட்டு இருந்திருக்கு பாரேன், அல்ஹம்துலில்லாஹ்.

உசேன்: ஆஹா... முட்டிக்கு...

ஹமீதா: போதும், விடுங்க முட்டியை. ஃபஹது, இப்படி வந்து உட்காரு. பக்கத்துல.

ஃபஹத்: என்ன உம்மா, திடீர்னு...

ஹமீதா: உங்க வாப்பாவுக்கு முட்டி வலி இல்லை.

ஃபஹத்: அது ஏர்போர்ட்டுலயே தெரிஞ்சுது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரே.

ஹமீதா: சிரிக்காதே. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசக் கூடாது. பேசினா நான் நிறுத்திடுவேன். அப்புறம் என்னால முடியாது.

ஃபஹத்: ...சொல்லுங்க.

ஹமீதா: நீ பொறந்தப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல் இல்ல. உடம்பெல்லாம் தீ. மஸ்கட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. காய்ச்சல் விட்டுச்சு, ஆனா... புத்தி திரும்பல. பைத்தியம்னு நம்மூர்ல சொல்லுவாங்களே, அதுதான். இங்க இருந்த டாக்டரம்மா அப்படிச் சொல்லல. 'சில தாய்மாருக்கு வரும், போயிடும், பயப்படாதே'ன்னாங்களாம். எனக்கு அது எதுவும் தெரியாது. உங்க வாப்பா சொன்னதுதான். எனக்குப் புள்ள பொறந்ததே தெரியலடா. உன்னை மடியில வச்சா, 'யாரு புள்ள இது, குடுத்துடுங்க'ம்பேனாம்.

உசேன்: அவ தப்பு இல்லப்பா அது.

ஹமீதா: நீங்க சும்மா இருங்க.

உசேன்: இதை மட்டும் நான் சொல்லிடறேன். அவளுக்குத் தெரியாது. நீ பாட்டிலைத் தொட மாட்டேங்கிற தம்பி. வாயில வச்சா துப்புற. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. எனக்குப் புள்ளையை எப்படித் தூக்குறதுன்னே தெரியாது. உன்னைத் துண்டுல சுத்திக்கிட்டு வாய்க்கால் கரையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். நல்ல வெயில். பக்கத்து வீட்டுக் கதவு திறந்துச்சு. அந்தம்மா ஒண்ணுமே கேட்கல. ரெண்டு கையையும் நீட்டினாங்க. அவ்வளவுதான்.

ஹமீதா: ஷம்ஸா. அவங்க பேரு ஷம்ஸா. அப்ப அவங்களுக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு மாசம். ஒரு பக்கம் அதைப் போட்டுக்கிட்டு, இன்னொரு பக்கம் உன்னைப் போட்டுக்கிட்டாங்க.

ஃபஹத்: உம்மா...

ஹமீதா: பேசாதேன்னேன்ல. உனக்குப் பால் குடுத்ததோட விட்டாங்களா? என்னையும் எடுத்துக்கிட்டாங்க. நம்மூர்ல புள்ளப்பெத்த உடம்புக்குத் தாய் வீட்டுல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துவாங்க. எனக்கு ஊத்த இங்க யாரு இருக்கா? காலையில பாங்கு சொன்னதும் வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டு வருவாங்க. அதோ, அந்தப் பக்கம் பொம்பளைங்க குளிக்கிற இடம். என்னை உட்கார வச்சு, தலையில இலையைத் தேய்ச்சு, தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துவாங்க. நான் ஏசுவேனாம், அடிப்பேனாம். அவங்க பாட்டுக்கு அரபியில ஏதோ பேசிக்கிட்டே ஊத்துவாங்களாம். எனக்கு ஒரு எழுத்து புரியாது.

உசேன்: ஒரு நாள் தவறினதில்ல.

ஹமீதா: ஒரு நாள்... ஊத்திக்கிட்டே இருக்காங்க. எனக்குத் திடீர்னு நெஞ்சு கட்டி வலிச்சுது. பால் வத்திப் போன மார்புடா, ஆனா வலிச்சுது. நான் அவங்க கையைப் புடிச்சு, 'என் புள்ள எங்க?'ன்னு கேட்டேன். தமிழ்ல கேட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சுது. கையில இருந்த செம்பைப் போட்டுட்டு, நனைஞ்ச துணியோட ஓடினாங்க, உன்னைத் தூக்கிட்டு வர. அன்னிக்குத்தான்டா நான் உன் மூஞ்சியை முதல் முதலாப் பார்த்தேன். இந்தத் தண்ணிகிட்ட வச்சு.

உசேன்: ஏன்டா, அழுவுறியா?

ஃபஹத்: இல்ல வாப்பா... ஆவி.

ஹமீதா: அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் இங்க இருந்தோம். கடையை மூடிட்டாங்க, விசா முடிஞ்சுது, ஒரே வாரத்துல கிளம்பச் சொல்லிட்டாங்க. அந்த வாரம் பார்த்து அவங்க சலாலாவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தாங்க. பூட்டின கதவைத் தொட்டுட்டு வந்தேன். எனக்கு உசிரு குடுத்தவங்களுக்கு ஒரு சலாம் கூடச் சொல்லல.

ஃபஹத்: இதை ஏன் உம்மா இவ்வளவு நாளா...

ஹமீதா: முதல்ல ஊருக்குப் பயந்தேன். அப்புறம் உனக்குப் பயந்தேன். 'என்னை வேணாம்னு சொன்னியா'ன்னு நீ கேட்டுட்டா? அதான். சரி, இப்ப சொல்லிட்டேன். இதைக் கேளு. அவங்க உனக்கு உம்மா. நான் எப்படியோ அப்படி. அவங்க மக்க உனக்குக் கூடப்பொறந்தவங்க. அதனால... ஏங்க, நீங்க கேளுங்க.

உசேன்: நானா?

ஹமீதா: பின்ன, இதையும் நான்தான் கேக்கணுமா?

உசேன்: தம்பி... அந்த... போன்ல பேசுற பொண்ணு... ஹஃப்ஸா. அது யாரு வீட்டுப் பொண்ணு?

ஃபஹத்: ஓ... ஷேக் பரீத் வத்தி வச்சுட்டானா?

ஹமீதா: சிரிப்பு வருதா உனக்கு? யாரு வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுடா!

ஃபஹத்: அடுத்த மாசம் ஹஃப்ஸாவுக்குக் கல்யாணம் உம்மா.

ஹமீதா: யாரோட?

ஃபஹத்: சோஹார்ல ஒரு மாப்பிள்ளை. பேங்க்ல வேலை. நல்ல பையன், நான் போய் விசாரிச்சுட்டு வந்தேன்.

உசேன்: நீ எதுக்குடா விசாரிக்கப் போன?

ஃபஹத்: என்ன வாப்பா இப்படிக் கேக்குறீங்க? லாத்தாவைக் கட்டிக் குடுக்கிறப்ப தம்பிக்காரன் விசாரிக்காம வேற யாரு விசாரிப்பா?

ஹமீதா: லாத்தாவா... டேய். டேய், என்ன சொல்ற நீ?

உசேன்: உனக்குத் தெரியுமா? எல்லாம் தெரியுமா?

ஃபஹத்: போன வருஷம் ரூம் பசங்களோட இங்க குளிக்க வந்தேன். அதோ அந்தப் பேரீச்சம்பழக் கடைக்காரர் 'எந்த ஊரு'ன்னு கேட்டாரு. 'நான் பொறந்ததே இங்கதான், எங்க வாப்பா மீரா உசேன், கட்டட சாமான் கடையில இருந்தவரு'ன்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன். அவரு யாருக்கோ போன் போட்டாரு. தலை கூடத் துவட்டல நான்... ஒரு அம்மா செருப்பு இல்லாம ஓடி வந்தாங்க. என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் புடிச்சு, மோந்து பார்த்தாங்க.

ஹமீதா: பாவி... ஒரு வருஷமாவா? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்கணும்னு தோணலையா உனக்கு? இரு... இரு, அதை விடு. அவங்க... இருக்காங்களாடா? இப்ப இருக்காங்களா?

ஃபஹத்: கேட்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டதே அவங்கதான் உம்மா. 'அது அவ பட்ட பாடு, அவ வாயாலதான் வரணும், நீயாக் கேட்டு அவளைத் தலை குனிய வச்சுடாதே'ன்னாங்க. எந்திரிங்க, கையைக் குடுங்க. அந்தப் பொம்பளைங்க குளிக்கிற வாசல்ல, செம்பும் துண்டுமா ஒருத்தங்க நிக்கிறாங்க பாருங்க... விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து நின்னவங்க. உங்களுக்குத் தண்ணி ஊத்தணுமாம்.